வீடு எங்கப்பா? பங்களா போன எஸ்டேட்டை எப்படிப் பாக்குறது

2018 ஜூலைல அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தப்ப நாட்டிங்ஹாம்ஷயர்ல இருக்கிற கிளம்பர் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். டியூக் குடும்பத்தோட எஸ்டேட்மா, பெரிய ஏரி, ரெண்டு மைலுக்கு வரிசையா மரம், அப்படி இப்படின்னு கார்லயே பில்டப் குடுத்தாச்சு. இறங்கி தயிர்சாத டப்பாவை எடுத்துக்கிட்டு ஏரிக்கரைப் பக்கமா நடந்தோம். சர்ச் இருக்கு, குதிரை லாயம் இருக்கு, தூரத்துல பாலம் இருக்கு, நடுவுல ஒரு பெரிய புல்தரை. அம்மா நாலு பக்கமும் பாத்துட்டு கேட்டாங்க, "எல்லாம் சரி, வீடு எங்கப்பா?"

"நீ நிக்கிறியே, அதான்மா வீடு."

அம்மா டக்குனு ரெண்டு அடி பின்னாடி வந்துட்டாங்க, ஏதோ யாரோ வீட்டு ஹால்ல செருப்போட ஏறிட்ட மாதிரி.

இந்த மாதிரி இடம் பிரிட்டன்ல எக்கச்சக்கம். பங்களாவை இடிச்சுட்டாங்க, ஆனா அதைச் சுத்தி இருந்த ஏரி, தோட்டம், மரவரிசை, கேட், மதில் எல்லாம் அங்கங்க மிச்சம் இருக்கு. தெரியாம போனா நல்ல பிக்னிக் ஸ்பாட், அவ்ளோதான். கொஞ்சம் விஷயம் தெரிஞ்சுட்டுப் போனா இல்லாத வீட்டை நீங்களே கண்ணால வரைஞ்சுக்கலாம். அது எப்படின்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், அதிகமா கிளம்பரை வச்சே சொல்றேன் ஏன்னா நான் அதிகமா சுத்தினது அங்கதான்.

முதல்ல எஸ்டேட்ங்கிற வார்த்தை. நமக்கு எஸ்டேட்னா வால்பாறை, நுவரெலியா, டீத்தோட்டம், லயம். இங்க சொல்ற கன்ட்ரி எஸ்டேட் கிட்டத்தட்ட ஜமீன் மாதிரி. நடுவுல ஒரு பெரிய பங்களா, அதைச் சுத்தி பார்வைக்குன்னே செஞ்ச பார்க், அதுக்கு வெளிய குத்தகைக்கு விட்ட பண்ணைகள், ஆளுங்க குடியிருக்க ஒரு கிராமம். குத்தகைப் பணம் உள்ள வரும், அந்தப் பணத்துலதான் பங்களா ஓடும். இது முக்கியம், ஏன்னா பின்னாடி பங்களா போனதுக்குக் காரணமே இந்த வரவு நின்னதுதான்.

ரெண்டாவது, இதுதான் மொத்த விஷயத்துக்கும் சாவி: அந்த நிலம் இயற்கை கிடையாது. பாக்க இயற்கை மாதிரி இருக்கும், அப்படி இருக்கணும்னுதான் செலவு பண்ணி செஞ்சிருக்காங்க. 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஒரு ஃபேஷன் வந்துச்சு, சதுரம் சதுரமா வெட்டின தோட்டமெல்லாம் வேணாம், மேடு பள்ளம், வளைஞ்சு போற தண்ணி, அங்கங்க மரக்கூட்டம்னு இருக்கணும்னு. 1716ல பிறந்த லான்சலாட் பிரவுன்னு ஒருத்தர் இதுல பெரிய ஆளு, போற இடத்துலயெல்லாம் "உங்க இடத்துக்கு நல்ல கேப்பபிலிட்டி இருக்கு"ன்னு சொல்லிச் சொல்லியே அவருக்கு கேப்பபிலிட்டி பிரவுன்னே பேராயிடுச்சு (நம்ம ஊர் ரியல் எஸ்டேட் புரோக்கர் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல). கிளம்பர் அவர் செஞ்சது இல்ல, ஆனா அதே காலத்து அதே ருசி. இந்த மாதிரி பார்க் ஒவ்வொண்ணும் ஒரு ஆளோட கண்ணுக்காக செஞ்சது, பங்களா ஜன்னல்ல நின்னு பாக்குற ஆளோட கண்ணு, அப்புறம் வண்டியில உள்ள வர்ற விருந்தாளியோட கண்ணு. அதனால வீடு இல்லாட்டியும் மிச்சம் இருக்கிறது எல்லாம் அந்த ஜன்னலைப் பாத்தே நிக்குது. எந்த இடத்துல நின்னா ஏரி, பாலம், மண்டபம் எல்லாம் ஒரே ஃபிரேம்ல விழுதோ அங்கதான் ஜன்னல் இருந்திருக்கும். சினிமா செட்ல கேமராவைத் தூக்கிட்டுப் போனப்புறமும் செட் நிக்கிற திசையை வச்சு கேமரா எங்க இருந்துச்சுன்னு சொல்லிடலாம்ல, அது மாதிரி.

கிளம்பர் கதை சுருக்கமா. 1707ல ஷெர்வுட் காட்டுல இருந்து ஒரு பகுதியை வளைச்சு நியூகாசில் டியூக்குக்கு மான் பார்க் ஆக்குனாங்க. 1760கள்ல ஸ்டீஃபன் ரைட்ங்கிற ஆர்க்கிடெக்டை வச்சு பங்களா கட்டுனாங்க. 1879ல தீப்பிடிச்சு நடுப்பகுதி எரிஞ்சு, சார்லஸ் பேரி ஜூனியரை வச்சு திருப்பிக் கட்டுனாங்க. 1937ல உள்ள இருந்த சாமானையெல்லாம் ஏலம் விட்டு, 1938ல கட்டடத்தையே இடிச்சுட்டாங்க. டியூக்கோட ஸ்டடி ரூம் பக்கம் மட்டும் ஒரு துண்டு நிக்குது. 1946ல பொதுமக்கள் பணம், உள்ளூர் கவுன்சில்கள் பணம் எல்லாம் சேர்ந்து, பழைய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட்ங்கிற தொண்டு அமைப்பு வாங்குச்சு, சுமார் 3,800 ஏக்கர். பேரே கிளம்பர், அதான் வீடு கிளம்பிருச்சு போலன்னு நான் சொன்ன மொக்கைக்கு அம்மா சிரிக்கல.

ஏன் இடிச்சாங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. 1870கள்ல இருந்து அமெரிக்கா கோதுமை கப்பல்ல மலிவா வர ஆரம்பிச்சதும் இங்க விவசாயம் படுத்துச்சு, குத்தகை குறைஞ்சுது. 1894ல எஸ்டேட் டியூட்டின்னு சாவு வரி வந்துச்சு, அப்பா செத்தா மகன் கட்டணும், 1919ல அது ரொம்பப் பெரிய சொத்துக்கு 40 சதவீதம் வரைக்கும் போச்சு. முதல் உலகப்போர்ல சில வீட்டுல அப்பாவும் மகனும் அடுத்தடுத்து செத்து வரி மேல வரி. வேலைக்காரங்க கிடைக்கல, கூரை ஒழுகுது, நூறு ரூம் பங்களாவை சூடாக்கவே சொத்து அழியும். அதே சமயம் அந்தக் கூரைல இருக்கிற ஈயம், உள்ள இருக்கிற பளிங்கு ஃபயர்பிளேஸ், படிக்கட்டு, செங்கல் எல்லாத்துக்கும் விலை இருக்கு. வீடா வச்சிருந்தா நஷ்டம், பிரிச்சு வித்தா காசு. நம்ம செட்டிநாட்டு வீட்டுத் தூணும் கதவும் காரைக்குடி கடைக்கு வந்த கதை மாதிரின்னு வச்சுக்கோங்களேன். இதைத் தடுக்க இங்கயும் அப்ப உருப்படியான சட்டம் இல்ல, பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கிற கட்டடத்தை இடிக்க முன்கூட்டியே அனுமதி வாங்கியே ஆகணும்னு கட்டாயமானது 1968 சட்டத்துலதான். 1974ல லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இதுக்குன்னே ஒரு கண்காட்சி வச்சாங்க, உடைஞ்சு விழுற தூணுங்களுக்கு நடுவுல இடிஞ்ச வீடுங்க பேரை ஒரு குரல் ஒண்ணொண்ணா வாசிச்சுட்டே இருக்குமாம், சாவு வீட்ல ஒப்பாரி வைக்கிற மாதிரி.

ஆனா பாருங்க, வீட்டைப் பிரிச்சு விக்கலாம், ஏரியைப் பிரிச்சு யாருகிட்ட விக்க முடியும்? அதான் அது தங்கிப்போச்சு.

கிளம்பர் ஏரி 87 ஏக்கர், பாம்பு மாதிரி வளைஞ்சு ரெண்டு மைலுக்குப் போகுது. பாத்தா அகலமான ஆறுன்னு நினைப்பீங்க. உண்மைல போல்ட்டர்னு ஒரு சின்ன ஆத்தை மறிச்சு தேக்குனது. 1774ல ஆரம்பிச்சு 15 வருஷம் வேலை நடந்துச்சு, செலவு 6,612 பவுண்டு. நமக்கு ஏரின்னா பாசனம், மடை, மதகு. இதுல ஒரு சொட்டு தண்ணி வயலுக்குப் போகல, முழுக்க ஜன்னல்ல இருந்து பாக்கத்தான். எனக்கு இது இன்னும் ஜீரணமாகல, 15 வருஷம் மண்ணு வெட்டி ஒரு காட்சிக்கு! அப்ப இந்த ஏரி எதையெல்லாம் மறைக்குதுன்னு பாக்கணும். தேக்கின கரை எங்க இருக்குன்னு தெரியாத மாதிரி மரத்தை வச்சு மூடுவாங்க, முனை எங்க முடியுதுன்னு தெரியாத மாதிரி வளைச்சு விடுவாங்க, அப்பதான் முடிவே இல்லாம போற ஆறு மாதிரி தெரியும். பாலமும் அதே டிராமாவுல ஒரு பாத்திரம். ஸ்டீஃபன் ரைட் கட்டின மூணு வளைவுக் கல் பாலம் தண்ணி மேல வெளுப்பா தெரியும், ஏரிக்கரையோரம் கிரேக்க ரோமன் ஸ்டைல்ல சின்ன மண்டபம் ரெண்டு. எதுவும் கும்பிட இல்ல, வேடிக்கை பாக்க. இந்த ஏரில லிங்கன்னு பேரு வச்ச ஒரு குட்டிப் போர்க்கப்பல் வேற மிதக்க விட்டிருந்தாங்க, பணம் இருந்தா பொம்மையும் பெருசாத்தானே இருக்கும்.

கரையோரமா நீளமா மேடு கட்டி உலாத்துறதுக்கு வழி போட்டிருக்காங்க, லிங்கன் டெரஸ்னு பேரு. இதெல்லாம் வீட்டோட ஒட்டு, டெரஸ்ல நின்னு ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பினீங்கன்னா முன்னாடி காலியா தெரியுதே அந்தப் புல்தரை, அதான் பங்களா. சும்மா காலி இடம்னு நினைக்காதீங்க. சுத்தி எல்லா இடத்துலயும் நூறு வருஷ மரம் இருக்கு, நடுவுல மட்டும் ஒரு மரமும் இல்லாம மட்டமா சதுரமா ஒரு தரை இருந்தா அதுக்குக் காரணம் இருக்கும். மிச்சத்தைப் படிக்கிறதுல முதல் பாடமே வெறுமையைக் கவனிக்கிறதுதான்.

இப்ப அந்த 2018 கோடைக்கு வரேன், ஏன்னா அன்னைக்கு நாங்க பாத்தது ரொம்ப லக். அந்த வருஷம் இங்கிலாந்துல செம வெயில், வாரக்கணக்குல மழையே இல்ல, பச்சைப் பசேல்னு இருக்கிற நாடு நம்ம ராமநாதபுரம் மாதிரி ஆயிடுச்சு. அப்ப என்ன ஆகும்னா, இடிச்ச வீட்டோட அஸ்திவாரம் மண்ணுக்கு அடில அப்படியே இருக்கும்ல, அது மேல மண் கொஞ்சமாத்தான் இருக்கும், வேர் கீழ இறங்க முடியாது, தண்ணி நிக்காது, அந்தக் கோட்டுல இருக்கிற புல் மட்டும் முதல்ல காஞ்சு மஞ்சளாகும். பக்கத்துல ஆழமா மண் இருக்கிற இடம் இன்னும் கொஞ்சம் பச்சையா இருக்கும். மேல இருந்து பாத்தா வீட்டோட சுவர், ரூம் எல்லாம் பிளான் போட்ட மாதிரி தெரியும். பழைய பள்ளம், வாய்க்கால் இருந்த இடம்னா நேர் எதிரா நடக்கும், அங்க ஈரம் தங்கும், அந்தக் கோடு மட்டும் பச்சை அதிகமா இருக்கும். 2018ல கிளம்பர் பங்களாவோட கோடுங்க இப்படி வெளிய வந்து டிரோன் படமெல்லாம் நியூஸ்ல வந்துச்சு. அதே கோடைல டெர்பிஷயர்ல இருக்கிற சாட்ஸ்வொர்த் பங்களால 17ஆம் நூற்றாண்டுத் தோட்டத்தோட டிசைனே புல்லுல வெளிய வந்துச்சு.

நேர்ல நின்னா டிரோன் படம் மாதிரியெல்லாம் தெரியாது, அதையும் சொல்லிடறேன். முதல்ல எனக்கு ஒண்ணும் தெரியல, எல்லாமே காஞ்ச புல்லுதான். அப்புறம் குத்தவச்சு உக்காந்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டு வந்து பாத்தா, ஒரு முழம் அகலத்துக்கு வைக்கோல் கலர்ல ஒரு பட்டை நேரா போகுது, போய் டக்குனு மடங்குது. இயற்கைல எதுவும் அவ்ளோ நேரா மடங்காது. கால் வச்சா அந்தப் பட்டை மேல மட்டும் நொறுக் நொறுக்னு சத்தம், பக்கத்துல மெத்துனு இருக்கு. அம்மா செருப்பைக் கழட்டிட்டு அதை மிதிச்சுப் பாத்து, "கோலப்பொடி போட்ட மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. வீடு கட்ட வாஸ்து பாத்து சுண்ணாம்புக் கோடு போடுவாங்களே அதே மாதிரி, என்ன, இது வீடு போனப்புறம் போட்ட கோடு.

மரங்க பக்கம் வருவோம். கிளம்பர்ல பேர் போனது லைம் மர அவென்யூ, ஏப்லி ஹெட் கேட்ல இருந்து உள்ள வர்ற வழில, ரெண்டு மைலுக்கு மேல, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெட்டை வரிசை, மொத்தம் 1,296 மரம், 1840 வாக்குல நட்டது. உடனே எலுமிச்சைன்னு நினைக்காதீங்க, அம்மாவும் அப்படித்தான் நினைச்சாங்க, இது லிண்டன்னு வேற மரம், எலுமிச்சங்காயெல்லாம் காய்க்காது, எலுமிச்சைக்கும் இதுக்கும் எந்த சொந்தமும் இல்ல. கோடைல இதோட இலைல ஒரு பூச்சி உக்காந்து இனிப்பா பிசினை ஒழுக விடும், கீழ கார் நிறுத்தினா கண்ணாடியெல்லாம் பிசுபிசுப்பு, வைப்பர் போட்டா இன்னும் மோசம், அனுபவத்துல சொல்றேன். கிட்ட போய் அடிமரத்தைப் பாத்தா இடுப்பு நெஞ்சு உயரத்துல கறுப்பா ஒரு வளையம் இருக்கும், வேட்டிக் கரை மாதிரி. 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பூச்சி ஏறாம இருக்க கிரீஸ் மாதிரி ஒட்டுற பொருளைத் தடவினாங்க, நூறு வருஷம் ஆகியும் அந்தக் கறை போகல. தடவின ஆளும் இல்ல, தடவச் சொன்ன வீடும் இல்ல.

அவென்யூ எதுக்குன்னா, விருந்தாளியை டயர்ட் ஆக்கத்தான்னு நான் சொல்வேன். கேட்டைத் தாண்டி குதிரை வண்டில வர்றான், மரம், மரம், மரம், இன்னும் வீடு வரல, இவ்ளோ நிலமும் இவங்களோடதான்னு அவன் மண்டைல ஏறணும். அதனால வீடு போன இடத்துல, வயல் நடுவுல சம்பந்தமே இல்லாம ரெண்டு வரிசை மரம் நேரா போயி சும்மா முடிஞ்சுதுன்னா அது முடியிற பக்கம் போய்த் தேடுங்க. நடுநடுவுல மரம் விழுந்து நாலஞ்சுதான் மிச்சம் இருக்கும், ஆனா ஒரே வயசு, ஒரே ஜாதி, ஒரே இடைவெளி, அதுல பிடிச்சுடலாம்.

இந்த அவென்யூவை நட்ட நாலாவது டியூக்கைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். கிளம்பர் இருக்கிற ஏரியாவுக்கே டியூக்கரீஸ்னு பேரு, பக்கத்து பக்கத்துல அத்தனை டியூக் எஸ்டேட், வெல்பெக், தோர்ஸ்பி, வொர்க்சாப் மேனர்னு. இவரு அந்த வொர்க்சாப் மேனரை வாங்கி, 1840கள்ல அந்த பங்களாவைப் பிரிச்சு இடிக்க வச்சாரு, அவருக்கு வேண்டியது நிலம்தான். இந்தப் பக்கம் தன் வீட்டுக்கு ரெண்டு மைல் மரம் நட்டுக்கிட்டே அந்தப் பக்கம் அடுத்த வீட்டைப் பிரிச்சிருக்காரு. நூறு வருஷத்துக்குள்ள அவரு வீடும் அதே வழில போச்சு.

தனி மரமும் பேசும். காட்டுல வளர்ற மரம் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு ஒல்லியா உயரமாப் போகும். பார்க்குக்குன்னு தனியா விட்ட மரம் நாலா பக்கமும் குடை மாதிரி விரிஞ்சிருக்கும். மான், மாடு மேயிற இடம்னா அதுங்க வாய் எட்டுற உயரம் வரைக்கும் இலையைத் தின்னு தின்னு, மரத்தோட அடிப்பக்கம் கத்தரியால வெட்டின மாதிரி மட்டமா ஒரே கோட்டுல நிக்கும். இப்ப அந்த மரத்தைச் சுத்தி நெருக்கமா வேற மரம் வளந்திருந்தாலும், நடுவுல ஒரு கிழட்டு ஓக் மட்டும் கையை அகல விரிச்சுட்டு நிக்குதுன்னா, அது நின்ன காலத்துல அது திறந்தவெளின்னு அர்த்தம். வயசு சொல்ற மரமும் இருக்கு. வெல்லிங்டோனியான்னு கலிஃபோர்னியா ராட்சச மரம், அதோட விதை பிரிட்டனுக்கு வந்ததே 1853லதான். அது நிக்குதுன்னா அந்த நடவு அதுக்கப்புறம்தான், கூகுள் பண்ண வேண்டாம்.

ஹாஹான்னு ஒண்ணு இருக்கு, பேரைக் கேட்டு சிரிக்காதீங்க, பேரே அதான். வீட்டு முன்னாடி புல்தரை, அதுக்கு அப்புறம் மாடு மேயிற புல்வெளி, ரெண்டுக்கும் நடுவுல வேலி போட்டா ஜன்னல்ல இருந்து பாக்க அசிங்கமா இருக்கும். வேலி போடாட்டி மாடு டைனிங் ரூமுக்கு வந்துரும். அதனால ஒரு பள்ளம் வெட்டி வீட்டுப் பக்கம் மட்டும் செங்குத்தா சுவர் கட்டி, அந்தப் பக்கம் சரிவா விட்டுடுவாங்க. மாடு பள்ளத்துல இறங்கும், ஏற முடியாது. வீட்டுல இருந்து பாத்தா பள்ளமே தெரியாம ஒரே புல்வெளியா தெரியும். எந்தப் பக்கம் சுவரோ அந்தப் பக்கம்தான் வீடு, இதை விட சுலபமான துப்பு கிடையாது. எங்கயாவது புல்வெளில திடீர்னு காலடில ஒரு சுவர் வந்தா முதல்ல விழாம நில்லுங்க, அப்புறம் திரும்பிப் பாருங்க.

இதுவரை சொன்னது எல்லாம் காட்டுறதுக்குன்னு செஞ்சது. மறைக்கிறதுக்குன்னு செஞ்சது இன்னொரு செட். அடுப்படித் தோட்டம் அதுல முதல். கிளம்பர்ல நாலு ஏக்கருக்கு உயரமா செங்கல் மதில் கட்டின தோட்டம் இன்னும் ஓடுது, அதுல 450 அடி நீளத்துக்குக் கண்ணாடி வீடு. ஏன் மதில்னா, செங்கல் பகல்ல வெயிலை வாங்கி ராத்திரி விடும், இந்தக் குளிர் நாட்டுல பீச், ஆப்ரிகாட் பழுக்க அந்தச் சூடு வேணும், மரத்தையே சுவரோட ஒட்டி தட்டையா ஆணி அடிச்சு வளப்பாங்க. அதனால காட்டுக்கு நடுவுல வீடே இல்லாம உயரமா ஒரு செங்கல் மதில் பாத்தா உள்ள சுவர்ல துருப்பிடிச்ச ஆணி, அடிச்ச ஓட்டை இருக்கான்னு பாருங்க, நூத்துக்கணக்குல இருக்கும். இப்ப கிளம்பர்ல 130க்கும் மேல ரூபார்ப் வகை வளக்குறாங்க, ரூபார்ப்னா சிவப்புத் தண்டு, புளிப்பு, இலை விஷம், தண்டை மட்டும் சர்க்கரை போட்டு வேகவச்சு சாப்பிடுவாங்க. அம்மா ஒரு வாய் வச்சுட்டு "புளிச்சக்கீரைத் தண்டுல ஜாம் போட்ட மாதிரி இருக்கு"ன்னு ஓரமா வச்சுட்டாங்க.

ஐஸ் ஹவுஸும் அப்படித்தான், குளிர்காலத்துல ஏரில உறையிற ஐஸை வெட்டி, மண்ணுக்குள்ள முட்டை வடிவத்துல செங்கல் குழி கட்டி சேமிப்பாங்க, மேல மண்ணு மூடி ஒரு மேடு மாதிரி இருக்கும். மெட்ராஸ் ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்கால இருந்து கப்பல்ல ஐஸ் வந்துச்சு, இவங்களுக்கு வீட்டு ஏரியே போதும்.

கிளம்பர்ல முழுசா நிக்கிற பெரிய கட்டடம் சர்ச்தான். ஏழாவது டியூக் கட்டினது, ஆர்க்கிடெக்ட் பாட்லி, 1889ல திறந்தாங்க, கோபுரம் 180 அடி. சர்ச்சுன்னு சொல்றதை விட பெரிய கதீட்ரலைச் சுருக்கி வச்ச மாதிரி. இதை இடிக்க யாருக்கும் மனசு வரல போல. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா வீடு பக்கத்துல இருந்த வரைக்கும் இது வீட்டோட துணைக் கட்டடம், இப்ப வர்றவங்க எல்லாம் பார்க்கே இந்த சர்ச்சுக்காக செஞ்சதுன்னு நினைக்கிறாங்க. வீடு போனா அளவே மாறிடும், இந்த மாதிரி இடத்துல ஜாக்கிரதையா இருக்கணும், மிச்சம் இருக்கிறதுலயே பெருசா தெரியிறதுதான் முக்கியமா இருந்துச்சுன்னு எடுத்துக்கக் கூடாது.

இதோட இன்னும் மோசமான உதாரணம் ஸ்காட்லாந்துல ஹாமில்டன் பேலஸ். அதுக்கு அடில நிலக்கரி எடுத்தாங்க, தரை இறங்க ஆரம்பிச்சுது, 1920கள்ல இடிச்சுட்டாங்க. ஆனா எதிர்ல மேட்டு மேல, வேட்டைக்குப் போறப்ப இளைப்பாறவும் நாய்களைக் கட்டவும் 1730கள்ல வில்லியம் ஆடம் கட்டின ஷாட்டலேரோங்கிற மாளிகை நிக்குது. அரண்மனைல இருந்து பாக்க அழகா இருக்கணும்னு நேர் கோட்டுல வச்சது. இப்ப அங்க போய் வாசல்ல நின்னா நேரா மரவரிசை கீழ இறங்கிப் போகுது, அந்தக் கோடு போய் முடியிற இடத்துல அரண்மனை இல்ல. நாய் வீடு இருக்கு, எஜமான் வீடு இல்ல.

நிலக்கரி கிளம்பரையும் விடல, அடில சுரங்கம் போனதுல தரை இறங்கி ஏரித் தண்ணி ஓரளவு வடிஞ்சுது. ரெண்டாம் உலகப்போர்ல காட்டுக்குள்ள வெடிமருந்து அடுக்கி வச்சாங்க, பதுங்குகுழி தோண்ற ராட்சச மெஷின் ஒண்ணை இங்கதான் ஓட்டிப் பாத்தாங்க. 2018லயே, நாங்க போறதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி, யாரோ ஒரு காரை அந்தப் பாலத்துல மோதி கொளுத்திட்டுப் போயிட்டாங்க, கைப்பிடிச் சுவர் கல்லெல்லாம் ஏரிக்குள்ள. அப்புறம் ஆளை தண்ணிக்குள்ள முங்க விட்டு கல்லைத் தேடி எடுத்து திருப்பிக் கட்டினாங்க. அதனால இந்த மிச்சம்லாம் சும்மா தானா இருக்குன்னு நினைக்காதீங்க.

ஒரு சின்ன கிளைக்கதை, விட மனசில்ல. இந்தக் குடும்பத்துல ஆறாவது டியூக் கட்டினது ஹோப்னு ஒரு பணக்கார வீட்டுப் பொண்ணை. அந்த வழியா ஹோப் வைரம் அவங்க ரெண்டாவது பையன் லார்ட் பிரான்சிஸ்கிட்ட வந்துச்சு, நம்ம கோல்கொண்டா பக்கத்துல தோண்டினதா சொல்ற அதே நீல வைரம்தான். அவரு திவாலாகி 1901ல அதை வித்தாரு. 1928ல அவரே எட்டாவது டியூக் ஆனாரு, அவரு டியூக்கா இருந்தப்பதான் பங்களா இடிஞ்சுது. வைரம் இப்ப வாஷிங்டன் மியூசியத்துல இருக்கு.

சரி, நீங்களே தேடணும்னா எப்படி ஆரம்பிக்கிறது. பழைய மேப்தான் முதல். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட சைட்ல ஆர்ட்னன்ஸ் சர்வேங்கிற பிரிட்டன் அரசு மேப் துறை போட்ட 19ஆம் நூற்றாண்டு மேப் இலவசமா இருக்கு, பழையதையும் இன்னைக்கு சாட்டிலைட் படத்தையும் பக்கத்து பக்கத்துல வச்சுப் பாக்கலாம், ஒண்ணுல கர்சரை நகத்தினா இன்னொண்ணுலயும் நகரும். அந்த மேப்ல பார்க் நிலத்தை லேசா சாம்பல் புள்ளி போட்டுக் காட்டியிருப்பாங்க, அந்தச் சாம்பல் திட்டு உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே இருந்தாலும் இருக்கும். நான் முதல்ல பாத்தப்ப ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்துட்டேன். அடுத்தது லைடார், விமானத்துல இருந்து லேசரைக் கீழ அடிச்சு, இலை இடுக்குல நுழைஞ்சு தரை வரைக்கும் போய்த் திரும்பி வர்ற கதிரை மட்டும் எடுத்துக்கிட்டு கம்ப்யூட்டர்ல மரத்தையெல்லாம் அழிச்சுடுவாங்க, வெறும் தரையோட மேடு பள்ளம் மட்டும் தெரியும், மூடிப்போன வண்டிப்பாதை, ஹாஹா பள்ளம், குளம் எல்லாம் வெளிய வரும். இங்கிலாந்துக்கு இந்த டேட்டாவை சுற்றுச்சூழல் ஏஜென்சியே இலவசமா குடுக்குது. மூணாவது உங்க காலு. குளிர்காலத்துல காலைல இல்ல சாயங்காலம் போங்க, வெயில் சாஞ்சு விழுறப்ப ஒரு சாண் மேடு கூட நிழல் போடும், உச்சி வெயில்ல ஒண்ணும் தெரியாது. நிலம் தனியாருதா இருந்தா கேட்டுட்டுப் போங்க, பொது நடைபாதையை விட்டு இறங்காதீங்க, மெட்டல் டிடெக்டர் எல்லாம் அனுமதி இல்லாம எடுத்துட்டுப் போகவே வேண்டாம், அது வில்லங்கம்.

அப்புறம் கேட்டைக் கவனிங்க. மெயின் ரோட்டோரம் தனியா பொம்மை வீடு மாதிரி ஒரு குட்டி வீடு, தேவைக்கு மேல அலங்காரம், பக்கத்துல ரெண்டு கல் தூணு, தூணுக்கு நடுவுல உள்ள போனா வெறும் வயல். அது எஸ்டேட் கேட் காவலாளி வீடு. நம்ம ஊர்ல இடிஞ்ச கோயில்ல மொட்டை கோபுரம் மட்டும் நிக்குமே, அப்படி வாசல் மட்டும் மிஞ்சினது. இப்ப அதுல யாராவது குடியிருப்பாங்க, எட்டிப் பாத்து மாட்டிக்காதீங்க.

எல்லா இடமும் கிளம்பர் மாதிரி தப்பிக்கல. நாட்டிங்ஹாம் பக்கத்துலயே நட்ஹால் டெம்பிள்னு ஒண்ணு, பேர்தான் டெம்பிள், கோயில் இல்ல, 1750கள்ல இத்தாலி வில்லா மாதிரி நடுவுல குவிமாடம் வச்சுக் கட்டின பங்களா. இங்கிலாந்துலயே அந்த மாடல்ல விரல் விட்டு எண்ற அளவுலதான் இருந்துச்சு. 1929ல தீ வச்சு, மிச்சத்தை வெடி வச்சுத் தகர்த்தாங்க. குட்டிச்சுவரா கொஞ்ச வருஷம் நின்னுச்சு, 1960கள்ல எம் 1 மோட்டார்வே வந்தப்ப அதையும் வழிச்சுட்டாங்க. 26ஆம் நம்பர் எக்ஸிட், நான் வேலைக்குப் போறப்ப தினமும் இறங்குற எக்ஸிட். அங்க மஞ்சக்கோடு விழ புல்லும் இல்ல, படிக்க மரமும் இல்ல, தாரு.

போன வாரம் அம்மாகிட்ட ஃபோன்ல இதைச் சொன்னேன். "அப்ப அடுத்த தடவை வர்றப்ப அங்க கொஞ்சம் நிறுத்து, பாப்போம்"னாங்க.

"அங்க நிறுத்தக் கூடாதும்மா, போலீஸ் வந்துரும்."

"சரி, மெதுவாவாவது போ."